பாகம்பிரியாளின் கோடிச் சேலை

ஒக்கூரில் ஒரு சாவு விழுந்தால் சங்கு ஊதுகிறவருக்குப் போன் போவதற்கு முன்னால் சேவுகப்பெருமாளுக்குப் போய்விடும். ஒக்கூர் அவருக்குச் சொந்த ஊர், குடியிருப்பது காரைக்குடியில். மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டெக்னீஷியன் வேலை. குழாய், வால்வு, மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. போன் வந்த கையோடு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்துவிடுவார். சொந்தக்காரன், பங்காளி, பேச்சுவார்த்தை அறுந்துபோனவன் என்கிற கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. கல்யாணத்துக்குப் போகாமல் விட்டிருக்கிறார், காதுகுத்துக்கு விட்டிருக்கிறார். சாவு விசாரிக்கிற கேதத்துக்கு மட்டும் ஒன்றுகூட விட்டதில்லை.

போகிற இடத்தில் சும்மா உட்காருகிற ஆளும் இல்லை. பந்தல் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், யார் முதலில் குடம் எடுத்து நீர்மாலைக்குப் போக வேண்டும், எந்த வீட்டு மாலை எப்போது விழ வேண்டும் என்று எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். யாராவது தெரியாத்தனமாகக் கேத வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டால் தீர்ந்தது. "ஏப்பா, இன்னொரு சாவுக்கு வாரேங்கிறியா? துண்டை உதறிக்கிட்டுப் பேசாமப் போ" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். ஊரில் அவருக்குப் பின்னால் 'கேதம் பெருமாள்' என்று ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் காதுக்கும் வந்ததுதான். கோபப்பட்டதாகக் காட்டிக்கொண்டாரே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

இப்படிப்பட்ட மனுசனுக்குத் தன் ஆத்தா சாவில்தான் முறை தவறிப்போனது. அதை அவரால் பொறுக்கவே முடியவில்லை.

ஆத்தா பெயர் பாகம்பிரியாள். பிறந்தது அந்தமானில், போர்ட் பிளேயரில். அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் மரம் வெட்டுகிற வேலைக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். பத்தொன்பது வயதில் அவளை மட்டும் ஒக்கூரில் முறைமாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். தம்பி முத்துராமலிங்கம் தீவிலேயே இருந்துவிட்டார். சேவுகப்பெருமாளுக்கு அவர் ஒரே தாய்மாமன். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து இறங்குவார். வர முடியாத வருஷமும் தைப்பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை வந்துவிடும், பார்சலில். கூடவே சிப்பி மாலை, ஒரு டப்பா நிறைய கிராம்பு. ஐம்பது வருஷமாக அந்தப் பார்சல் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி பாகம்பிரியாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒரு பெண் புகுந்த வீட்டில் எத்தனை காலம் வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், கடைசியில் பிறந்த வீட்டுப் புதுச் சேலை ஒன்று அவள் மேல் விழ வேண்டும். அதற்குப் பெயர் பிறந்த வீட்டுக் கோடி. அது வராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். எத்தனையோ வீடுகளில், "அண்ணன் வரட்டும், தம்பி வரட்டும், பொறுங்கப்பா" என்று கூட்டத்தை அடக்கி உட்கார வைத்தவர் சேவுகப்பெருமாள்தான்.

அன்றைக்கு மாமனுக்குப் போன் போட்டதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. "மாப்ளே, காலையில முத ஃப்ளைட்டைப் பிடிச்சு வந்துருதேன். என் அக்கா முகத்தைப் பார்க்கணும். எடுத்துறாதய்யா" என்றார் முத்துராமலிங்கம்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மாமன் போன் அணைந்து கிடந்தது. பத்து தடவை அடித்தார். வெளியூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மழை வேறு மிரட்டியது. "ஐஸ் பெட்டி இருக்குல்ல, காலை வரைக்கும் பொறுப்போமே" என்று இரண்டு பெரியவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். சேவுகப்பெருமாளுக்குத் தாங்கவில்லை. ஊர் வீட்டுச் சாவுக்கெல்லாம் சட்டம் பேசியவன் வீட்டில் பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை என்று நாலு பேர் காதோடு காது பேசுவது அவருக்குத் தெரிந்தது. "வார ஆளு எதுக்குப் போனை அணைச்சு வைக்கணும்? எடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆத்தா வழியில் தூரத்து உறவு ஒருவரைப் பிடித்து, கடையில் அவசரமாக வாங்கிய ஒரு சேலையை ஒப்புக்குப் போடவைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை, சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கக் கிளம்புவதற்கு முன்னால் ஆண்கள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் அந்தமான் பேச்சை எடுத்தார். அவ்வளவுதான், சேவுகப்பெருமாள் எழுந்துவிட்டார்.

"என் ஆத்தாளுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கிடையாது. அவ அநாதையாப் பொறந்து அநாதையாப் போயிட்டா. நாலு சிப்பியும் கிராம்பும் அனுப்பிட்டா பொறந்த வீடாயிருமா? இனி அந்த ஆளு இந்த வாசல்ல கால வச்சா, நான் என் ஆத்தாளுக்குக் கொள்ளி வச்சவன் இல்லை."

அவர் அங்கேயே போனை எடுத்து, பக்கத்திலிருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து, மாமனின் நம்பரிலிருந்து இனி அழைப்பு வராதபடி தடுத்து வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தமான் என்கிற சொல்லே கிடையாது. அடுத்த வருஷம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மனைவி சித்ரா, "ஏங்க, போர்ட் பிளேயர்ல இருந்து…" என்று ஆரம்பித்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் மறுபடி ஆரம்பித்தாள். "அந்தப் பேச்சை எடுத்தா இந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். சித்ரா வாயை மூடிக்கொண்டாள்.

ஐம்பது பொங்கலுக்கு வந்த சேலையை அவர் நினைக்கவே இல்லை. வராத ஒரு சேலையைத்தான் நெஞ்சில் வைத்திருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமன் மேல் அவருக்கு இருந்தது வெறும் கோபம் மட்டுமில்லை. ஒரு நாள் அந்த மனுசன் எதிரில் வந்து, "தப்புதான் மாப்ளே" என்று ஒரு வார்த்தை சொல்வார், தானும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் பிறகு அழுவோம் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் ஓய்வுபெறப் போகிற நேரம். அரசாங்கம் குடும்பத்தோடு சுற்றுலா போகக் கொடுக்கிற எல்.டி.சி. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. மகள் ரோகிணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவள் லேப்டாப்பைத் திறந்துவைத்து, "அந்தமான் போவோம்ப்பா. அப்பத்தா பொறந்த ஊரை நான் பார்த்ததே இல்லை" என்றாள். சேவுகப்பெருமாள் முறைத்தார். மகளிடம் அந்த முறைப்பெல்லாம் எடுபடாது. இரண்டு நாள் முனகிவிட்டுச் சரி என்றார். "ஆனா ஒண்ணு, கடலைப் பார்க்கத்தான் போறோம். ஆளைப் பார்க்க இல்லை" என்று ஒரு கண்டிஷனும் போட்டார்.

போட்டாரே தவிர, கிளம்புகிறதற்கு முந்தின நாள் அவரே கடைத்தெருவுக்குப் போய் அரக்குக் கரை போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று வாங்கிவந்தார். மணகோலம், சீப்புச் சீடை என்று செட்டிநாட்டுப் பலகாரமும் இரண்டு டப்பா.

"இது யாருக்குங்க?" என்று கேட்டாள் சித்ரா.

"மாமன் சம்சாரம், அயித்தைக்குத்தான். அவுக வீட்டுக்குப் போவோம். ஒரு பொம்பளைக்குச் சேலை எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கணும்னு அந்த வீட்டு ஆளுகளுக்குக் காட்டிட்டு வருவோம். மாமன் அதைப் பார்த்துத் தலை குனியட்டும்."

சித்ரா எதுவோ சொல்ல வந்து, சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். விமானத்தில் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்ததும், ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனிடம் சொல்ல வாய் வராமல் போனதும் பிற்பாடு அவளே சொல்லி அழுத விஷயம்.

ஐந்து நாளும் சேவுகப்பெருமாள் நன்றாகத்தான் இருந்தார். ஹேவ்லாக் தீவில் முழங்கால் வரைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். "ஆத்தா சொன்ன நிறந்தான். பொய்யில்லை" என்று மகளிடம் சொன்னார். ஒக்கூரில் கண்மாயைப் பார்க்கும்போதெல்லாம், "இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று பாகம்பிரியாள் உதட்டைப் பிதுக்குவாளாம். ஒருமுறையாவது அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, ஏன் தோன்றவில்லை என்று அவருக்குச் சுருக்கென்றது. எல்.டி.சி. இதற்கு முன்பும் வந்ததுதான். ஊட்டிக்கும் டெல்லிக்கும் போனார்கள்.

கடைசி நாள் காலை, தாம்பாளம் ஒன்றைத் தங்கியிருந்த விடுதிக்காரர்களிடம் கேட்டு வாங்கி, சேலையை மடிப்புக் கலையாமல் வைத்தார். வெற்றிலை, பாக்கு, குங்குமம். தெருமுனையில் இரண்டு முழம் பூவும் வாங்கினார்.

"பூ வேண்டாங்க" என்றாள் சித்ரா.

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னாக் கேளுங்களேன். சேலையே போதும். குங்குமமும் வேண்டாம்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு. அதை எனக்கு நீ சொல்லித் தராதே" என்றார் அவர். மாமன் வீடு இருக்கிற ஜங்லிகாட்டுக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் சித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். "அங்கன போனதும் எவ்வளவு பேசணும், எவ்வளவு பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீ சும்மா வா" என்று அடக்கிவிட்டார். மாமனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'என் ஆத்தா கோடி இல்லாமப் போனாளே மாமா.' இதைச் சொன்னால் அந்த மனுசன் உடைந்துவிடுவார் என்று கணக்கு. இறங்கும்போது சித்ரா பூப்பொட்டலத்தை வேண்டுமென்றே சீட்டில் விட்டுவிட்டு இறங்கினாள். அவர் ஆட்டோவை நிறுத்தி ஓடிப்போய் எடுத்துவந்தார்.

மேட்டின் மேல் தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் இரண்டு தென்னை. உள்ளேயிருந்து அன்னக்கிளி அத்தை வந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டவள், ஐம்பது வருஷம் தீவில் இருந்தும் சிவகங்கைப் பேச்சு மாறாதவள்.

"யாரு… பெருமாளா? வாய்யா. வா தாயி. உள்ள வாங்க, உள்ள வாங்க."

சேவுகப்பெருமாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அத்தையின் நெற்றியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கழுத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு, அவள் தலைக்கு மேலே சுவரில் பிளாஸ்டிக் மாலையோடு மாட்டியிருந்த முத்துராமலிங்கத்தின் போட்டோவைப் பார்த்தார்.

பூவும் குங்குமமுமாகத் தாம்பாளம் அவர் கையில் அப்படியே நின்றது. ஆயிரம் சாவுக்கு முறை சொன்ன மனுசன், தாலி அறுத்தவள் முன்னால் பூவையும் குங்குமத்தையும் ஏந்திக்கொண்டு நின்றார். இந்தக் காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

அன்னக்கிளிதான் அதைக் கையில் வாங்கினாள். முகம் மாறவில்லை. பூவை மட்டும் எடுத்துப் போட்டோவுக்குப் போட்டாள். "அவுகளுக்குத்தான் கொண்டாந்திருக்கே. மாப்ள கையால பூ விழுகணும்னு இருந்திருக்கு" என்றாள்.

"எப்ப அயித்தை?"

"உங்க ஆத்தா போன அடுத்த வைகாசி. ஏழு மாசந்தான் இருந்தாக. அவுக போன்ல இருந்து உனக்குப் போகலைன்னு எம் மகன் சரவணகுமாரு சித்ராவுக்கு அடிச்சுச் சொன்னானே. அது சொல்லலையா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சித்ரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தள்ளிவிட்டு எழுந்த தட்டு அவருக்கு ஞாபகம் வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் சொல்லத்தான் வந்தாள். இரண்டு தடவை வந்தாள்.

அத்தை மகன் சரவணகுமார் உள்ளேயிருந்து வந்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். சேவுகப்பெருமாள் அவனை நெருங்கி, கேதத்துக்குப் போனால் ஆண்கள் நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினார். துக்க வீட்டுக்காரர் அதைத் தொட்டு எடுத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். தீவில் பிறந்தவனுக்கு அது என்ன தெரியும்? "வாங்க அத்தான், வாங்க" என்று சிரித்தபடி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சேவுகப்பெருமாள் உட்கார்ந்தார். என்னதான் ஆனாலும் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டார்.

"மாமா ஏன் அயித்தை வரலை? எங்காத்தாளுக்கு ஒரு கோடி போட ஏன் வரலை?"

அன்னக்கிளி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வரலையா? யாரு சொன்னா? வந்தாகளே."

"எங்க வந்தாக?"

"ஒக்கூருக்குத்தான். அன்னிக்கு இங்க மழை, ஃப்ளைட்டு சாயந்தரந்தான் ஏறுச்சு. போன்ல சார்ஜ் தீந்துபோச்சு, மனுசனுக்கு அதெல்லாம் தெரியாது. மெட்ராஸ்ல எறங்கி, பஸ் மாறி மாறி, சனிக்கிழமை காலையில ஒக்கூர் வந்து சேர்ந்திருக்காக. கைப்பையில கோடிச் சேலை. அக்காவுக்குப் பிடிச்ச பச்சைன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அக்காவை எடுத்தாச்சுன்னு தெருவுல வரும்போதே தெரிஞ்சுபோச்சு. சரி, மாப்ளையைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாவது வருவோம்னு பந்தலுக்குப் பின்னாடி வந்திருக்காக. சாமியானாவுக்கு ஓரத்துல கட்டுவாங்களே துணி, அதுக்கு அங்குட்டு. உள்ள நீ பேசிக்கிட்டு இருந்திருக்கே."

அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். என்ன பேசினார் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"அப்படியே திரும்பிட்டாக. வந்ததை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாக. தெரிஞ்சா மாப்ள மனசு கஷ்டப்படும்னு. இப்ப நீயே கேட்டுட்டே, நான் என்ன செய்ய?"

ரோகிணி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய்விட்டு அழுதார். போன இடமெல்லாம் மற்றவர்களை அழவிட்டு ஓரமாக நின்றே பழகிய மனுசன். ஆத்தா சாவில்கூட இப்படி அழவில்லை.

"அந்தச் சேலை எங்க அயித்தை? குடுங்க. நான் கொண்டுபோயி ஆத்தாளுக்குக் கொள்ளி வச்ச இடத்துல போடுறேன்" என்றார் கடைசியில்.

"அது இல்லையேய்யா. யாரும் கட்டக் கூடாதுன்னு டிரங்குப் பெட்டியிலயே வச்சிருந்தாக. அவுக போனப்ப நான்தான் அதை எடுத்து அவுக நெஞ்சு மேல வச்சு அனுப்பிட்டேன். அங்க போயாச்சும் அக்கா கையில குடுக்கட்டும்னு."

மணி ஆகிவிட்டது. விமானத்துக்கு நேரமாயிற்று என்று ரோகிணி மெல்லச் சொன்னாள். சேவுகப்பெருமாள் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வாசல்படி இறங்கினார். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது ஒன்றாவது இந்த வீட்டில் முறையாக நடக்கட்டும் என்று நினைத்தார்.

"ஏய்யா பெருமாளு" என்று பின்னாலிருந்து அன்னக்கிளி கூப்பிட்டாள். "சொல்லிட்டுப் போய்யா. இது என்ன இன்னிக்கு விழுந்த சாவா? அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

அவர் நின்றார். அத்தை சொன்னது சரிதான். அவர் கேதத்துக்கு வரவில்லை. கேதமெல்லாம் அவர் இல்லாமலேயே நடந்து முடிந்துவிட்டது. "வாரேன் அயித்தை" என்றார். மறுபடி ஒருமுறை சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் கேதங்களுக்குப் போகாமல் இல்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. நீர்மாலைக்கு யார் போனாலும் சரி என்று உட்கார்ந்திருந்தார். கேதம் பெருமாளுக்கு என்ன ஆச்சு என்று ஊரில் கேட்டுக்கொண்டார்கள். தீவுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருத்தர் சொன்னார்.

இந்த மாசியில் ஒக்கூரில் பெத்தன் என்கிறவரின் மனைவி இறந்துபோனாள். அவளுக்கு அண்ணன் ஒருவர், திருப்பூரில். கோடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று காலையில் தகவல் வந்தது. மத்தியானம் ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. போனை எடுக்கவில்லை. பந்தலில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "என்ன அண்ணன் அவரு? கூடப் பொறந்தவ கிடக்குறா, போனை எடுக்க வலிக்குதா?" என்றார் ஒருவர். இன்னொருவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னார். பெத்தன் வழக்கம்போல இவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, எடுத்துருவமா?" என்று கேட்டார்.

"பொறுங்க" என்றார் சேவுகப்பெருமாள். "நாளைக்கு ஆனாலும் பொறுங்க. அதுவரைக்கும் அவரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

சொல்லிவிட்டு எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சாமியானாவின் ஓரத்துணியை விலக்கி அந்தப் பக்கம் போனார். அங்கே யாரும் இல்லை. அடுத்த வீட்டுச் சுவரும், கழுவிக் கவிழ்த்த இரண்டு அண்டாவும்தான் இருந்தன. தெருவைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வெயில்ல ஏன் உக்காந்திருக்கீக? உள்ள வாங்கண்ணே" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இங்கனயே இருக்கேன்ப்பா. வார மனுசனை நான் கூட்டிட்டு வாரேன்."

உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. ஒரே ஒரு மெல்லிய துணிதான் நடுவில். யார் இருமுகிறார், யார் காப்பி கேட்கிறார், யார் யாரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டது.